வீட்டில் கட்டிய இரண்டடி மீன் தொட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் தொட்டி கட்டுவதற்கு வேண்டியதெல்லாம் கடை வரிசையிலேயே கிடைத்துவிடும். கண்ணாடி வெட்டித் தரப் பிரேம் கடை, சிலிகானுக்கு ஹார்டுவேர் கடை, துடைக்கும் ஆல்கஹாலுக்கு மருந்துக் கடை. கட்டிய தொட்டி ஒழுகினால் வந்து பார்த்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஒழுகும் இடத்தில் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் சிலிகானைப் பூசி, அதுவும் ஒழுகி, கடைசியில் தொட்டி வீட்டுக்குப் பின்னால் உரச்சாக்குப் பக்கத்தில் போய்ச் சேருகிறது. நல்ல கண்ணாடி அப்படி வீணாவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒழுகும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

கோளாறு பார்ப்பதற்கு முன் தொட்டியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வெளி அளவில் 600 × 300 × 360 மி.மீ. தொட்டி, எல்லாம் 6 மி.மீ. கண்ணாடி. அடிக்கண்ணாடி 600 × 300. அதன் மேல் நிற்கும் முன், பின் கண்ணாடிகள் 600 × 353. அந்த இரண்டுக்கும் நடுவே செருகும் பக்கக் கண்ணாடிகள் 286 × 353. பக்கத்துக்கு ஏன் 288 இல்லை என்று பலர் கேட்பார்கள். 300-இல் இரண்டு கண்ணாடித் தடிப்பு 12 போக 288 மிஞ்சும். அதில் இரண்டு முனையிலும் சிலிகானுக்கு 1 மி.மீ. விட்டால் 286. இந்த 1 மி.மீ. இல்லாத தொட்டிதான் பின்னால் வரும் பல நோய்களுக்கு மூலம்.

இந்தத் தொட்டியின் கண்ணாடி மட்டும் சுமார் 12 கிலோ. 32 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 54 லிட்டர். கல்லும் மணலும் சேர்த்தால் 75 கிலோவைத் தாண்டும். அந்தத் தண்ணீர் முன் கண்ணாடியை ஏறத்தாழ 30 கிலோ பாரத்துக்குச் சமமான விசையால் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். தண்ணீரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ‘இன்னும் கொஞ்சம் உயரமாக’ என்று ஆசைப்பட்டு அதே 6 மி.மீ. கண்ணாடியில் கட்டுவது ஆபத்து.

மேசை ஈரமாக இருக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

உடனே தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒழுகல்தானா என்று முதலில் பாருங்கள்.

இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையில் தொட்டி இருந்தால், காலையில் கதவைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து வழியும். வியர்வை என்றால் தண்ணீர் நிற்கும் உயரம் வரை கண்ணாடி முழுவதும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஒழுகல் என்றால் ஓரிடத்தில் மட்டும் கோடு தெரியும்.

அடுத்தது ஏர் பம்ப் குழாய். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்து, சாயங்கால இடிமழையில் கரண்டு போனால், தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி ஏறி, பம்ப் வழியே மேசைக்கு வரும். தொட்டியில் குறை ஏதும் இல்லாமலே பாதித் தண்ணீர் இறங்கிவிடும். ஒருவழி வால்வு சில வெள்ளிதான். அதைப் போடுங்கள், இல்லையென்றால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். குமிழி வெடித்துத் தெறிப்பதும், மீன் துள்ளித் தெறிப்பதும் இதே போல ஏமாற்றும்.

இவை எதுவும் இல்லையென்றால், வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர விட்டு, ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூத் தாளைக் கிழித்துச் சொருகி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் நனையும் தாள்தான் சாட்சி. கடைசியில் நனைவது ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் தண்ணீர் அடி இணைப்பின் ஓரமாகவே ஒரு முழம் ஓடி வேறிடத்தில் சொட்டும்.

ஒரு மூலையில் சொட்டுகிறது

ஓட்டையின் உயரத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மீனை வாளிக்கு மாற்றிவிட்டு, ஒரு தடவைக்கு 3 செ.மீ. தண்ணீரை இறக்கி, வெளியே துடைத்து, ஒரு மணி நேரம் காத்திருங்கள். எந்த மட்டத்தில் சொட்டுவது நிற்கிறதோ, அதற்குச் சற்று மேலே நிற்கும் இணைப்பில் ஓட்டை. கடைசி வரை நிற்கவில்லை என்றால் அடி இணைப்பு. சந்தேகப்படும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள், சொட்டுக்குழாயால் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைசலை மெதுவாக விட்டால் நிறம் எந்த இடத்தை நோக்கி இழுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு மீன் உள்ளே இருக்கக் கூடாது.

மூன்று கண்ணாடிகள் கூடும் கீழ் மூலைதான் அதிகம் ஒழுகும் இடம். நேர்க்கோட்டில் சிலிகான் இழுத்து வரும் கை அங்கே வந்து நின்று, திரும்பி, மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில் ஓர் ஊசிமுனைத் துளை போதும். நீரழுத்தம் அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

இனி முக்கியமான விஷயம். காய்ந்த சிலிகான் மேல் புதுச் சிலிகான் நம்பும்படி ஒட்டாது. மேலே பூசுவது இரண்டு வாரம் தாங்கும், அப்புறம் ஓரத்திலிருந்து உரிந்து வரும். வெளிப்புறம் பூசுவது அதைவிட மோசம்: தண்ணீரே அதை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும். தண்ணீரின் விசை சிலிகானைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும் பக்கத்தில், அதாவது உள்ளே, பழையதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்றே வழி.

தொட்டியில் இரண்டு வகைச் சிலிகான் இருக்கிறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் 1 மி.மீ. பட்டைதான் தொட்டியைத் தாங்குகிறது. உள் மூலையில் முக்கோணமாகப் பூசியது அதற்குக் காவல். நடுப்பட்டையை வெளியிலிருந்து கண்ணாடி வழியே பாருங்கள். ஒரே நிறமாக, இடைவெளி இல்லாமல் இருந்தால் உள் பூச்சை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளிப் பளபளப்பாக ஒரு பட்டை நீளமாகத் தெரிந்தால் அங்கே சிலிகான் கண்ணாடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. தொட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

உள் பூச்சை மாற்றும் வேலை இது. தண்ணீரை வடித்து, ஒரு நாள் மின்விசிறி அடியில் உலர விடுங்கள். புது பிளேடு போட்ட பேனாக்கத்தியால் முக்கோணத்தின் இரு ஓரத்திலும் கண்ணாடியை ஒட்டிக் கீறினால் நீளமாக உரிந்து வரும். கத்தியை நடுப்பட்டைக்குள் இறக்கிவிடக் கூடாது. மிஞ்சிய பிசிரை, படுக்க வைத்த சவர பிளேடால் வழித்தெடுங்கள். காய்ந்த சிலிகானைத் தின்னர் கரைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒழுகும் மூலையை மட்டும் செய்யாமல் உள்பக்கம் முழுவதும் எடுத்துவிடுவது நல்லது. பாதி பழையது, பாதி புதியது என்றால் இரண்டும் சந்திக்கும் இடம் அடுத்த ஓட்டை.

பிறகு வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலோ சுத்தமான அசிட்டோனோ நனைத்து இரண்டு முறை துடையுங்கள், இரண்டாம் முறை வேறு துணி. நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். சாயத் தின்னரும் மெல்லிய படலத்தை விட்டுப் போகும். துடைத்த இடத்தை அதன்பின் விரலால் தொடாதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் ஒருமுறை தொட்டாலும் அந்த விரல் அகலத்துக்குச் சிலிகான் ஒட்டாது.

மூலையிலிருந்து 7 மி.மீ. தள்ளி இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குழாய் மூக்கைச் சாய்வாக 5 மி.மீ. திறப்புக்கு வெட்டி, முதலில் கீழ் மூலைகள் நான்கிலும் ஒரு பொட்டு வைத்து அழுத்துங்கள். அடுத்து நிற்கும் இணைப்புகள், கடைசியாக அடி நான்கும், கையை எடுக்காமல். ஐஸ்கிரீம் குச்சியின் உருண்டை முனையால் ஒரே இழுப்பாக வழித்து, டேப்பை ஐந்து நிமிடத்துக்குள் உரித்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் சிலிகான் மேல் தோல் சீக்கிரம் பிடிக்கும். தாமதித்தால் டேப்போடு ஓரமும் கிழிந்து வரும். வழிப்பதற்குச் சவர்க்காரத் தண்ணீர் தொடும் பழக்கம் சன்னல் வேலைக்குச் சரி, மீன் தொட்டிக்குள் கூடாது.

மூன்று நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மறுநாள் மூன்றில் இரண்டு, அடுத்த நாள் முழுவதும். நிரம்பிய தொட்டியை 48 மணி நேரம் வெளியே அஞ்சடி நடைபாதையிலோ போர்ட்டிகோவிலோ சமதளத்தில், ஃபோம் மேல் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் கொண்டு வருவது அதற்கப்புறம்தான், அதுவும் தண்ணீரை வடித்துவிட்டு. தண்ணீரோடு தொட்டியைத் தூக்கவே கூடாது.

சிலிகான் ரப்பர் பட்டை போல முழுசாக உரிந்து வருகிறது

உரிந்ததைத் தூக்கி எறியாமல் பாருங்கள், அதில் முழுக் கதையும் இருக்கிறது.

கண்ணாடி பக்கம் துளியும் மிஞ்சாமல், சிலிகானின் முகம் கண்ணாடி போலவே வழவழவென்று வந்தால், அது ஒட்டவே இல்லை. எண்ணெய், ஈரம், தூசி, இந்த மூன்றில் ஒன்று நடுவில் இருந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் வெட்டும்போது கத்திச் சக்கரத்துக்கு எண்ணெய் தொடுவார்கள். அந்த எண்ணெய் சரியாக வெட்டு விளிம்பில்தான் இருக்கும், நாம் ஒட்டும் இடமும் அதுதான். முகத்தை மட்டும் துடைத்து விளிம்பைத் துடைக்காமல் விடுவது மிகவும் பரவலான தவறு. மழை பெய்துகொண்டிருக்கும்போது, திறந்த கொட்டகையில் ஒட்டினால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். சிலிகான் காய்வதற்குக் காற்றில் ஈரம் வேண்டும் என்பது உண்மை; கண்ணாடியின் மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பதும் உண்மை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இழுத்தால் சிலிகான் நடுவில் கிழிந்து, இரு கண்ணாடியிலும் படிந்து நின்றால், ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது; சிலிகான் போதவில்லை, அல்லது இன்னும் முற்றவில்லை. கண்ணாடிகளை நெருக்கி அழுத்தி எல்லாவற்றையும் பிதுக்கிவிட்டால் நடுவில் மிஞ்சுவது தாள் தடிப்புதான். ஒட்டும்போது 1 மி.மீ. டைல் ஸ்பேசர் துண்டுகளை நடுவே வைத்து, பிடித்ததும் உருவிவிட்டு, அந்தத் துளையை உள் பூச்சால் மூடுங்கள். சிலிகானை மிச்சம் பிடிக்கவும் தேவையில்லை. இந்தத் தொட்டியின் இணைப்புகள் எல்லாம் சேர்த்து சுமார் 3.2 மீட்டர். நடுப்பட்டைக்கும் உள் பூச்சுக்கும் சேர்த்து 80 மி.லி. கூட ஆகாது, ஒரு குழாயில் 300 மி.லி. இருக்கிறது.

தொட்டியைப் பிரிக்க வேண்டி வந்தால் மெல்லிய கிட்டார் கம்பியின் இரு முனையிலும் கட்டைத் துண்டு கட்டி, ரம்பம் போல இணைப்புக்குள் இழுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் அவசியம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது

குழாயின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சூடான கடையில் நெடுநாள் கிடந்த சிலிகான் எத்தனை வாரம் விட்டாலும் முற்றாது. அதற்கு வேறு மருந்து இல்லை, முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதான். வேலை தொடங்கும் முன் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மறுநாள் உரித்துப் பார்ப்பது இந்த வேதனையை மிச்சப்படுத்தும்.

புதுக் குழாய்தான் என்றால் பொறுத்திருங்கள். சிலிகான் வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. வரைதான் முற்றும். நடுப்பட்டைக்கு இரு பக்கமும் கண்ணாடி. காற்று ஓரத்திலிருந்து மட்டுமே போக வேண்டும். முதல் தடவை கட்டும் தொட்டிக்கு 7 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் பிடிப்பதால் பயனில்லை. முற்றுவதற்கு வேண்டியது ஈரம், சூடு அல்ல.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது: நூறு விழுக்காடு சிலிகான், வினிகர் வாசனை அடிக்கும் அசெட்டிக் வகை. குழாயில் பூஞ்சை எதிர்ப்பு, சானிடரி, குளியலறை என்று ஏதாவது போட்டிருந்தால் வேண்டாம், அதில் கலந்திருக்கும் மருந்து மீனைக் கொல்லும். அக்ரிலிக் சீலன்ட் பார்ப்பதற்கு அதே மாதிரி குழாய்தான், விலையும் குறைவு, ஆனால் தண்ணீருக்குள் நிற்காது.

இணைப்புக்குள் குமிழி தெரிகிறது

தனித்தனியாகக் கடுகளவு குமிழிகள் ஒன்றும் செய்யாது. உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை குமிழிகள் கைகோத்துப் பாதை போட்டிருந்தால் பிரித்து ஒட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பின் உள் பூச்சு லேசாக வெள்ளைப் படர்ந்தால் பயப்பட வேண்டாம்.

கண்ணாடிகள் மேலே சேரவில்லை, தொட்டி கோணலாக நிற்கிறது

அடிக்கண்ணாடியின் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 600 × 300-க்கு இரண்டும் 671 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் என்றால் வெட்டிய இடத்திலேயே கோணல், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அடி சரியாக இருந்து மேலே மட்டும் பிரிந்தால், நிறுத்தும்போது கண்ணாடிகளைப் பிடித்து நிற்க ஒட்டிய டேப்பின் இழுப்பு சமமாக இல்லை. சிலிகான் தோல் பிடிக்கும் முன் பார்த்தால் தட்டித் திருத்தலாம். பிடித்த பின் தள்ளினால் ஒட்டு கிழியும், அந்தக் கிழிசல் வெளியே தெரியாது.

கண்ணாடிக் கடைத் தவுக்கேயிடம் அளவைத் தாளில் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். ‘இரண்டடி’ என்று வாயால் சொன்னால் 610 மி.மீ. ஒன்றும் 600 மி.மீ. ஒன்றும் கலந்து வரும். ‘தெப்பி காசி கோசொக்’ என்று மலாயில் சொல்லி விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள், கையும் தப்பும், விளிம்பில் விரிசல் தொடங்குவதும் குறையும். டெம்பர் கண்ணாடி வேண்டாம்: அளவு தவறினால் வெட்டித் திருத்த முடியாது, துளை போட்டால் தூளாகும். பழைய லயத்து வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாக்கோ சன்னல் (சாய்த்துத் திறக்கும் பட்டைக் கண்ணாடிச் சன்னல்) கண்ணாடியில் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல வருடம் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்த கண்ணாடி அது. சண்டை மீனுக்கு 20 செ.மீ. உயரத்தில் சின்னப் பெட்டி கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முன் கண்ணாடி வெளியே புடைத்திருக்கிறது

நேரான இரும்பு ஸ்கேலை மேல் விளிம்போடு சேர்த்து நெடுக வைத்துப் பாருங்கள். இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியதும் கண்ணாடி ஒரு மயிரிழை வளைவது இயல்பு. நடுவில் பிதுங்கி முனைகளில் 2 மி.மீ.-க்கு மேல் சந்து தெரிந்தால் தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள். கடைக்காரர் 6-க்குப் பதில் 5 அல்லது அதற்கும் மெல்லிய கண்ணாடி கொடுத்திருக்கலாம், விளிம்பில் அளந்து பாருங்கள்.

தடிப்பு சரியென்றால் மேலே பட்டை வைக்கலாம். 6 மி.மீ. கண்ணாடியில் 50 மி.மீ. அகலம், 586 மி.மீ. நீளம், இரண்டு துண்டு. முன், பின் கண்ணாடிகளின் உள் முகத்தில், மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே படுக்கையாக ஒட்டுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போதுதான் ஒட்ட வேண்டும். வளைந்த நிலையில் ஒட்டினால் அந்த வளைவையே அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

விரிசல்

அடிக்கண்ணாடியில் விரிசல் வந்தால் கண்ணாடியைக் குறை சொல்லும் முன் கீழே பாருங்கள். தோட்டத்து வீடுகளிலும் பழைய தாமான் வீடுகளிலும் சிமெண்டுத் தரை சாக்கடையை நோக்கிச் சரிந்திருக்கும், கழுவித் தள்ள வசதியாக. பலகைத் தரை என்றால் ஆள் நடக்கும்போதெல்லாம் அமுங்கி எழும். அந்தத் தரையில் நிற்கும் மேசையின் நான்கு காலும் ஒரே பாரம் ஏந்தாது. மேசைப் பலகை முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிக்கு முறுக்கத் தெரியாது. ரசமட்டக் கருவியை நீளத்திலும் அகலத்திலும் குறுக்காகவும் வையுங்கள். காலுக்குக் கீழே தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள், தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் அட்டையை மடித்து வைத்து அல்ல.

தொட்டிக்கு அடியில் 10 மி.மீ. பாலிஸ்டைரின் தகடோ யோகா விரிப்போ முழு அளவுக்கு விரிக்க வேண்டும். அதற்கு முன் மேசையைத் துடையுங்கள். ஒரே ஒரு மணல் பருக்கை போதும், 75 கிலோவும் அந்தப் புள்ளியில் இறங்க.

விரிசல் கல்லுக்கு நேர்கீழே நட்சத்திரம் போலப் புறப்பட்டிருந்தால் காரணம் உள்ளே. லோஹான் மீன் கல்லைத் தள்ளும், மணலைத் தோண்டிக் கண்ணாடி வரை வெறுமையாக்கும். பெரிய கல்லை மணல் மேல் வைக்காமல், அடியில் பிளாஸ்டிக் வலை விரித்து அதன் மேல் கல், பிறகு மணல் என்று போடுங்கள்.

விரிசல் மேல் சிலிகான் பூசி அந்தத் தொட்டியில் தண்ணீர் வைக்காதீர்கள். இன்று நிற்கும், ஒரு நாள் நடுராத்திரியில் 54 லிட்டரும் மின்பிளக் இருக்கும் தரையில் ஓடும். அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஒழுகவில்லை, ஆனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

தொட்டியை முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி இருந்தால் சிலிகான் இன்னும் அமிலம் விட்டுக்கொண்டிருக்கிறது, மீன் போட அவசரப்பட்டிருக்கிறீர்கள். மீனை மாற்றி, தண்ணீரைக் கொட்டி, நிரப்பி ஒரு நாள் வைத்துக் கொட்டுவதை இரண்டு முறை செய்யுங்கள்.

நெடி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரின் குளோரின். மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் படிகம் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். அதுவும் போட்டாயிற்று என்றால் அம்மோனியா. புதுத் தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிலைகொள்ள மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கப்பி போதும், தீனி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. தெரிந்தவர் வீட்டுத் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. சூடும் சேர்ந்துகொள்கிறது: 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மி.கி. பிராணவாயு ஏந்தும், நம் ஊர் 30 டிகிரித் தண்ணீர் 7.5 மி.கி.தான். மதிய வெயில் விழும் சன்னல் ஓரத்திலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள்.

ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாமி மேடைக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகையிலும், கொசுவர்த்திச் சுருளுக்குப் பக்கத்திலும் அதை வைக்காதீர்கள். டிங்கி பரவும் காலத்தில் சுகாதாரத் துறையினர் புகையடிக்க வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கொசுவைக் கொல்லும் அந்த மருந்துகள் மீனுக்கு மிகக் கொடியவை. புகையடிப்பு வண்டியின் சத்தம் கேட்டதும் பம்பை நிறுத்தி, தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன் மேல் ஈரத்துணி போட்டு விளிம்பு முழுவதும் அழுத்திவிடுங்கள். வீட்டைத் திறந்து புகை முழுவதும் போன பிறகு, துணியையும் தாளையும் உள்பக்கம் தண்ணீரில் படாமல் வெளிப்பக்கமாகச் சுருட்டி எடுத்து, பம்பைப் போடுங்கள். அப்படியும் மீன் சுழன்று நீந்தினால், குளோரின் நீக்கிய தண்ணீரால் உடனே பாதியை மாற்றி, வடிகட்டியில் கரிப்பொட்டலம் வையுங்கள்.

சிலிகான் ஓரம் கறுத்துப் போகிறது

பாசி ஓரத்துக்கு அடியில் நுழைந்திருக்கிறது. பிளேடால் அதைச் சுரண்டப் போய்ச் சிலிகானைக் கிழிப்பவர்கள் அதிகம். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கறுப்பு மாதாமாதம் உள்ளே நகர்ந்தால் அந்த ஓரம் கண்ணாடியை விட்டு எழும்பிவிட்டது. ஒழுகத் தொடங்கும் முன்பே உள் பூச்சை மாற்றிவிடலாம்.

தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுத்துவிட்டு, தொட்டியைத் தொடாமல், முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பம்ப், விளக்கு, ஹீட்டர் ஏதோ ஒன்றில் மின்கசிவு இருக்கிறது. ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி தூக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கருவியாகத் தனியே மாட்டிப் பார்த்து, விழ வைப்பதைக் குப்பையில் போடுங்கள். மீன் தொட்டிக் கருவியைப் பழுதுபார்த்து மறுபடி தண்ணீருக்குள் போடுவது வேண்டாம். கம்பிகள் எல்லாம் பிளக்குக்குப் போகும் வழியில் ஒருமுறை பிளக்கைவிடக் கீழே தொங்கி, அப்புறம் மேலேறிப் போகட்டும். கம்பி வழியே இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி நிற்கும், பிளக்குக்குப் போகாது.